நீல ஒயர் ரெண்டு

தொண்ணூத்து நாலு. காலையிலேருந்து பதினாறு தடவை டெஸ்ட் பண்ணிட்டேன், பதினாறு தடவையும் அதே தொண்ணூத்து நாலுதான். ஒண்ணு கூடட்டுமே, ஒண்ணு குறையட்டுமே, ம்ஹூம்! போன மாசம்தான் இன்டர்நெட் கம்பெனிக்காரங்க வந்து ஆயிரம் ஸ்பீடு லைன் போட்டாங்க. ஹாலில மோடம் பக்கத்துல லேப்டாப்பை வச்சு, தொள்ளாயிரத்துச் சொச்சம் காட்டி, கையெழுத்து வாங்கிட்டுப் போனாங்க. அதே லைன், அதே வீடு. ஒயர் வழியா என் வேலை ரூமுக்கு வந்து சேர்றதுக்குள்ள பத்துல ஒரு பங்கு ஆயிடுது.

எனக்கு வீடியோ எடிட்டிங் வேலை. ஒன்பது வருஷம் ஒரு ஸ்டுடியோவுல உட்கார்ந்து பண்ணேன். ரெண்டு வருஷம் முன்னாடி அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கமும் பேச்சும் போச்சு. பக்கத்துலயே ஒரு ஆள் வேணும். பொண்டாட்டிக்கு மருந்துக்கடையில வேலை, காலைல எட்டு மணிக்குப் போனா சாயங்காலம் ஆறுக்குத்தான் வருவா. அக்கா ரொம்ப தூரத்துல இருக்கா. "முதியோர் இல்லத்துல சேர்த்துடுடா, அங்க நர்ஸ் இருக்காங்க"ன்னு வாரம் தவறாம போன்ல சொல்லுவா. நான் வாரம் தவறாம எரிஞ்சு விழுவேன். அம்மாவை அங்க அனுப்பக் கூடாதுன்னுதான் ஸ்டுடியோவை விட்டுட்டு வீட்டுலேயே கம்ப்யூட்டரைப் போட்டு உட்கார்ந்தேன்.

ஆனா வீட்டுலேருந்து பண்றவனுக்கு யார் வேலை தர்றா? அங்க இங்க கெஞ்சி, கடைசியா ஒரு புரொடியூசர் கிடைச்சார். வார்த்தைக்கு வார்த்தை 'சரியா' போடுவார், அதனால எங்க வீட்டுல அவருக்குப் பேரே சரியா சார்.

"வீட்டுலேருந்து பண்றவங்களை நம்பி ரெண்டு தடவை சூடு பட்டவன் தம்பி நான், சரியா? முதல் எபிசோட் வியாழக்கிழமை நாலு மணிக்கு என் சர்வர்ல இருக்கணும். இருந்தா வருஷம் பூரா உனக்குத்தான் வேலை. நாலு மணி அஞ்சு நிமிஷத்துக்கு வந்தாலும் எனக்கு வேண்டாம், நீ பேசாம ஸ்டுடியோவுக்கே போயிடு, சரியா?"

இன்னிக்கு வியாழக்கிழமை. நான் ஸ்டுடியோவுக்குப் போனா அம்மா இல்லத்துக்குப் போகணும். அவ்வளவுதான் கணக்கு, இதுல புரியறதுக்கு ஒண்ணுமில்ல.

பதினொரு மணிக்கு ஃபைல் ரெடி. இருநூத்தம்பது ஜிபி. அனுப்புன்னு அழுத்தினேன். 'இன்னும் ஆறு மணி நேரம்'னு காட்டுச்சு. பதினொண்ணும் ஆறும் கூட்டினா அஞ்சுன்னு எனக்கே தெரியும், இருந்தாலும் விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன்.

அப்புறம் ஆரம்பிச்சுது என் கூத்து. அனுப்பறதை நிறுத்தினேன். மோடத்தை அணைச்சுப் போட்டேன். கம்ப்யூட்டரை அணைச்சுப் போட்டேன். பின்பக்கம் சொருகியிருந்த சின்னக் கேபிளைப் பிடுங்கிட்டுப் புதுசு மாட்டினேன். தொண்ணூத்து நாலு. நெட்வொர்க் கார்டோட டிரைவரை அழிச்சு மறுபடி ஏத்தினேன். கரண்ட் மிச்சம் பிடிக்கறேன்னு கார்டைத் தூங்க வைக்கிற ஒரு செட்டிங் இருக்கு, அதை எடுத்துவிட்டேன். வைரஸ் பிடிக்கிற சாஃப்ட்வேரையும் நிறுத்தினேன், வந்தா வரட்டும் போன்னு. தொண்ணூத்து நாலு! மேசையை ஓங்கி ஒரு குத்து குத்தினேன், கைதான் வீங்குச்சு.

கம்பெனி உதவி நம்பருக்குப் போட்டேன். இருபது நிமிஷம் பாட்டுப் போட்டுட்டு ஒரு பொண்ணு வந்தா.

"சார், மோடத்தை ஒரு தடவை அணைச்சுப் போட்டுப் பாருங்க."

"அம்மா தாயே, அதை நாலு தடவை பண்ணிட்டேன்."

"இன்னொரு தடவை பண்ணுங்க சார்."

நான் என்ன சொல்லிட்டு போனை வச்சேன்னு இங்க எழுத முடியாது. பாவம், அந்தப் பொண்ணு மேல என்ன தப்பு?

அந்த நேரம் பார்த்து மணி அடிச்சுது. ரெண்டு தடவை.

மணின்னா, அம்மா கட்டில் கம்பியில ஒரு பட்டன் கட்டியிருக்கேன், இடது கைக்கு எட்டற மாதிரி. அழுத்தினா என் மேசைக்குப் பின்னாடி சுவத்துல கிர்ருன்னு கத்தும். ஒரு தடவைன்னா தண்ணி. ரெண்டு தடவைன்னா பாத்ரூம். மூணு தடவைன்னா ஒண்ணுமில்ல, சும்மா வா. வாய் போனவளுக்கு அந்த மணிதான் வாய். ஒரு நாளைக்கு நாலஞ்சு தடவை மூணு அடிப்பா. போய் நின்னா கையைப் பிடிச்சு, முகத்தைப் பார்த்துட்டு, போன்னு தலையாட்டுவா. "இதுக்கா கூப்பிட்டே?"ன்னு நான் கேட்டா ஒரு பக்க வாயால சிரிப்பா.

எழுந்து ஓடினேன். தூக்கி உட்கார வச்சு, சக்கர நாற்காலியில ஏத்தி, கூட்டிட்டுப் போய், திரும்பக் கொண்டுவந்து படுக்க வச்சேன். எல்லாம் பண்ணது என் கைதான், மனசு பூரா தொண்ணூத்து நாலு. அம்மா கண்டுபிடிச்சுட்டா. புருவத்தைத் தூக்கி, என்னடான்னு கேட்டா. முந்தானையை இடது கையால எடுத்து என் நெத்தி வேர்வையைத் துடைக்க வந்தா.

"ஒண்ணுமில்லம்மா! நீ தூங்கு, போதும்!"

அதட்டலாத்தான் வந்துச்சு. மதிய மாத்திரையைக் கொடுத்துட்டு, கதவைப் பாதி சாத்திட்டு வந்துட்டேன்.

மணி ஒண்ணே முக்கால். லேப்டாப்பை எடுத்து வேலை ரூம் ஒயர்ல மாட்டினேன். தொண்ணூத்து நாலு. அதே லேப்டாப்பை ஹாலுக்குத் தூக்கிட்டுப் போய் மோடத்துல நேரா மாட்டினேன். தொள்ளாயிரத்து நாப்பத்தொண்ணு! ஆக, கம்ப்யூட்டர் மேல குத்தமில்ல, கம்பெனி மேலயும் குத்தமில்ல. ஹாலுக்கும் என் ரூமுக்கும் நடுவுல ஓடற கேபிள்தான் திருடன். அது நானே இழுத்த கேபிள். ஹாலில கிளம்பி, அம்மா ரூம் சுவரோரமாப் போய், என் ரூமுக்கு வரும்.

கொக்குக்குப் போன் போட்டேன். என் பழைய சிநேகிதன், ஒரு பெரிய ஆபீஸ்ல நெட்வொர்க் பார்க்கிறவன். ஆறடி உயரம், எலும்பும் தோலும், அதனால கொக்கு.

"தொண்ணூத்து நாலா? கரெக்டா தொண்ணூத்து நாலா?"

"ஆமாண்டா, அதைத்தானே சொல்லிட்டிருக்கேன்!"

"கத்தாத மச்சான். அந்த நம்பரே சொல்லுது. கேபிளுக்குள்ள எட்டு ஒயர் இருக்கா, ஆயிரம் ஓடணும்னா எட்டும் முழுசா வேணும். ஒரே ஒரு ஜோடி அறுந்திருந்தாலும் போச்சு, மிச்சத்துல நாலை வச்சுக்கிட்டு நூறுல நின்னுடும். எங்கயோ கடிபட்டிருக்கு. எலியா?"

"என் வீட்டுல ஏதுடா எலி!"

"அப்போ எவனோ கை வச்சிருக்கான். புதுக் கேபிள் வாங்கித் தரையிலேயே போட்டுடு."

கடைக்குப் போய்வர ஒரு மணி நேரம். அம்மாவைத் தனியா விட்டுட்டுப் போக முடியாது. பொண்டாட்டிக்குப் போட்டா அவ எடுக்கல, கடையில கூட்டம் போல. சரி, எந்த மடையன் என் கேபிள்ல கை வச்சான்? போன மாசம் வந்த கம்பெனி ஆளைத் திட்டினேன். பெயின்ட் அடிக்க வந்தவனைத் திட்டினேன். ஹாலிலேருந்து கேபிளைத் தடவிக்கிட்டே, தவழ்ந்து தவழ்ந்து அம்மா ரூம் வரைக்கும் போனேன். அம்மா கண்ணு மூடியிருந்தா. பீரோவைச் சத்தமில்லாம ஒரு ஜாண் நகர்த்தி, டார்ச் அடிச்சேன்.

கேபிளோட தோலை ஒரு விரல் நீளத்துக்கு யாரோ சீவியிருந்தாங்க. உள்ளே ஆரஞ்சு, பச்சை, பழுப்பு எல்லாம் முழுசா இருக்கு. நீல ஜோடியை மட்டும் வெட்டி, ஹால் பக்கத்து முனைக்கு டேப் சுத்தி மடக்கி விட்டிருக்கு. என் ரூம் பக்கம் போற முனையில வேற ரெண்டு ஒயர் முறுக்கிச் சேர்த்திருக்கு. அந்த ரெண்டு ஒயரும் சுவரோரமா மேலே ஏறி, அம்மா கட்டில் கம்பிக்குப் போகுது.

அந்த டேப் சுத்தின விதம் எனக்குத் தெரியும். எந்த டேப்பையும் கடைசியில ஒரு ஓரம் மடிச்சு விடுவேன், பிரிக்க வசதியா இருக்கும்னு. அந்த மடையன் நான்தான்.

எல்லாம் ஞாபகம் வந்துச்சு. அம்மா ஆஸ்பத்திரியிலேருந்து வீட்டுக்கு வந்த வாரம். வாடகை வீடு, சுவத்துல துளை போடக் கூடாதுன்னு வீட்டுக்காரர் கறாரா சொல்லிட்டார். அப்போ நம்ம லைனே நூறுதான், கேபிள்ல நாலு ஒயர் சும்மாதானே கிடக்குன்னு, அதுல ரெண்டை எடுத்து மணிக்குக் கொடுத்தேன். பத்து நிமிஷ வேலை. எவ்வளவு புத்திசாலி நான்னு பொண்டாட்டிகிட்ட பெருமை வேற அடிச்சேன். அந்த மாசம் இருந்த இருப்புல அதுக்கப்புறம் சுத்தமா மறந்துட்டேன்.

மணி ரெண்டு முப்பத்தஞ்சு. டார்ச்சை வாயில கவ்விக்கிட்டு அங்கேயே உட்கார்ந்துட்டேன். நீல ஜோடியைத் திரும்பச் சேர்த்தா ஆயிரம் வரும். நாப்பது நிமிஷத்துல ஃபைல் போயிடும். நாப்பது நிமிஷம் மணி இருக்காது.

அம்மாவை எழுப்பிச் சொல்லலாமான்னு யோசிச்சேன். இப்பத்தான் தூங்கறா, மாத்திரை போட்டா நாலரை வரைக்கும் அசைய மாட்டா. எழுப்பி, "உன் மணியைக் கழட்டறேம்மா"ன்னு சொல்லணுமா? அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை நானே எட்டிப் பார்த்துட்டாப் போச்சு. அவளுக்காகத்தானே இதெல்லாம் பண்றேன்! அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்.

மணி ஒயரைப் பிரிச்சேன். நீலத்தோட நீலத்தை முறுக்கி, டேப் சுத்தினேன், ஓரம் மடிச்சு. என் ரூமுக்கு ஓடி, மணிக்குப் போன முனையைக் கழட்டி, எட்டையும் வரிசையா அடுக்கி, புது முனை போட்டு அழுத்தினேன். அவசரத்துல முதல் முனை வீணாப் போச்சு. ரெண்டாவது உட்கார்ந்துச்சு. டெஸ்ட் பண்ணேன்.

தொள்ளாயிரத்து முப்பத்தெட்டு.

ரூமுக்குள்ள குதிச்சேன், நாப்பத்து மூணு வயசுல. அனுப்புன்னு அழுத்தினேன், மூணு மணி ஆக ரெண்டு நிமிஷம். கோடு சரசரன்னு ஓடுச்சு. ஒரு தடவை எழுந்து போய் அம்மா ரூம்ல எட்டிப் பார்த்தேன், கண்ணு மூடித்தான் இருந்தா. நிம்மதியாத் திரும்பி வந்தேன். அந்த ஒரு தடவைதான் போனேன்.

மூணு பத்துக்கு சரியா சார் லைன்ல வந்தார். "தம்பி, வந்துக்கிட்டிருக்கு, பார்க்கிறேன், சரியா? போனை வைக்காத, கூடவே இரு." ஹெட்போனை மாட்டிக்கிட்டேன். மூணு நாப்பதுக்கு ஃபைல் முழுசாப் போய்ச் சேர்ந்துச்சு. "ரெண்டாவது பகுதியில சவுண்டு இல்லையே தம்பி"ன்னார். உசுரே போச்சு. தேடினா சவுண்டு ஃபைல் ஒண்ணு விட்டுப் போயிருக்கு. அதை அனுப்பி, அவர் கேட்டு, "ஆங், இருக்கு"ன்னு சொல்லும்போது மூணு ஐம்பத்து மூணு.

"நல்லாப் பண்ணியிருக்க தம்பி. வருஷம் பூரா நீதான், சரியா? வீட்டுலேயே இருந்து அம்மாவைப் பார்த்துக்க."

எனக்கு அழுகையே வந்துடுச்சு. ஹெட்போனைக் கழட்டினேன். வீடு அமைதியா இருந்துச்சு. அம்மாகிட்டதான் முதல்ல சொல்லணும்னு துள்ளிக்கிட்டுப் போனேன்.

அம்மா முழிச்சுட்டு இருந்தா. இடது கை கம்பியில இருந்துச்சு, கட்டை விரல் பட்டன்ல. ரெண்டு அழுத்து, நிறுத்தறா. மறுபடி ரெண்டு அழுத்து, நிறுத்தறா. நான் வாசல்ல நிக்கறதைப் பார்த்த அப்புறமும் விரல் தானா இன்னொரு தடவை ரெண்டு அழுத்துச்சு. கட்டை விரல் நுனி சிவந்து தோல் உரிஞ்சிருந்துச்சு. போர்வை, மெத்தை, புடவை எல்லாம் நனைஞ்சு, நனைஞ்சு ரொம்ப நேரம் ஆனதால சில்லுன்னு இருந்துச்சு. இந்த ரெண்டு வருஷத்துல ஒரு நாள்கூட அம்மா படுக்கையை நனைச்சதில்ல. அதுதான் அவளுக்கு மிச்சமிருந்த மானம்.

"அம்மா... அம்மா, மணி... நான்தாம்மா..."

அவ என்னைப் பார்க்கல. நான் துடைச்சு, மாத்தி, படுக்க வைக்கிற வரைக்கும் சுவத்தையே பார்த்துட்டு இருந்தா. நகர்த்தின பீரோவை நான் திரும்பத் தள்ளி வைக்கவே இல்ல. பிரிச்ச ரெண்டு ஒயரும் அவ கண்ணுக்கு நேரா வெளியே தொங்கிட்டு இருந்துச்சு.

அவ முன்னாடியே உட்கார்ந்து நீலத்தைத் திரும்ப வெட்டி, மணி ஒயரைச் சேர்த்தேன். என் ரூம் முனையையும் பழையபடி மாத்திட்டு வந்து, நானே பட்டனை அழுத்தினேன். அங்கே கிர்ருன்னு கத்துச்சு. "பாரும்மா, கேக்குது, கேக்குதும்மா"ன்னு சொன்னேன். அம்மா பட்டனைக் கம்பியிலேருந்து உருவி எடுத்தா. என் உள்ளங்கையில வச்சா. இடது கையால என் விரல் ஒவ்வொண்ணையும் மடக்கி மூடினா. கோவமா, இல்ல உன் வேலைக்கு நீயே வச்சுக்கோடான்னு இரக்கமா, எனக்குத் தெரியல. கோவமா இருந்தாத் தேவலைன்னு இருந்துச்சு.

பொண்டாட்டி ஆறேகாலுக்கு வந்தா. எல்லாத்தையும் சொன்னேன், ஒண்ணையும் மறைக்கல. பையைத் தோள்ல மாட்டினபடியே கேட்டா.

"ஹாலில மோடத்துக்கிட்ட ஆயிரம் வந்துச்சுன்னு சொன்னீங்கல்ல?"

"ஆமா."

"அப்போ கம்ப்யூட்டரை ஹாலுக்குத் தூக்கிட்டு வந்திருக்கலாமேங்க."

இருபது அடி தூரம். லேப்டாப்பைத் தூக்கிட்டுப் போய்ப் பார்த்தவன் நான். ஒரு டெஸ்க்டாப்பைத் தூக்கிட்டுப் போகணும்னு எனக்குத் தோணவே இல்ல. ஒயர் தெரிஞ்சவன் இல்லையா, ஒயரைத்தான் சரி பண்ணணும்! கையில வெண்ணெயை வச்சுக்கிட்டு நெய்க்கு அலைஞ்சிருக்கேன். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டுன்னு அம்மா என்னை எத்தனை தடவை சொல்லியிருப்பா, வாய் இருந்தப்போ. பாத்ரூமுக்குள்ள போய்க் குழாயைத் திறந்து விட்டுட்டு அழுதேன்.

மறுநாளே மணிக்குத் தனி ஒயர் இழுத்தேன். வீட்டுக்காரரைக் கேக்காமலே சுவத்துல துளை போட்டேன், வந்து கத்தினா கத்தட்டும். கேபிளை முழுசாப் புதுசு மாத்தினேன். இப்போ என் ரூம்ல தொள்ளாயிரத்து நாப்பது வருது. சரியா சாருக்கு ஆறு எபிசோட் முடிச்சாச்சு, எல்லாம் நாலு மணிக்கு முன்னாடியே போயிடுது. அம்மா வீட்டுலதான் இருக்கா. அக்காகூட இல்லம்னு பேச்சு எடுக்கறதில்ல.

ஆனா ரெண்டு மாசமா மணி அடிக்கல. பட்டனைத் திரும்பக் கம்பியில கட்டிட்டேன், அம்மா அந்தப் பக்கம் கையையே கொண்டு போறதில்ல. நான் போற வரைக்கும் பல்லைக் கடிச்சுட்டுப் படுத்திருக்கா. அதனால அரை மணிக்கு ஒரு தடவை நானே போறேன். "தண்ணி வேணுமா, பாத்ரூம் போகணுமா?"ன்னு கேக்கறேன். தலையாட்டறா. எல்லாம் நடக்குது. சும்மா வான்னு கூப்பிடத்தான் ஆள் இல்ல.

தினமும் காலைல பொண்டாட்டி கடைக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி என் வேலை ரூம்ல போய் நிப்பா. நான் அம்மா பக்கத்துல உட்கார்ந்து பட்டனை மூணு தடவை அழுத்துவேன். "கேக்குது!"ன்னு அங்கேருந்து அவ கத்துவா. நான் அம்மாவைப் பார்ப்பேன். அம்மா சுவத்தைப் பார்ப்பா. சில நாள் நான் இன்னொரு தடவை அழுத்துவேன், பொண்டாட்டி இன்னும் சத்தமா, "கேக்குதுங்க, நல்லாக் கேக்குது"ன்னு கத்துவா.